விசுவாசம் யாருக்கு?

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தொழிலாளர் கூட்டத்தில் வேதாகமத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் உங்களில் சிலர் முகம் சுளித்திருக்கலாம். சங்கத்தில் இந்து, இஸ்லாமியர், கிறிஸ்தவர் என்ற பேதம் இல்லை, இருக்கவும் கூடாது. நாம் யாரையும் மதம் மாற்ற வரவில்லை. கிறிஸ்தவர்களாகிய எங்கள் வீட்டுக் குற்றத்தை எங்கள் வாயாலேயே சொல்லவும், அதிலிருந்து எல்லாருக்கும் பயன்படக்கூடிய ஒரு பாடத்தை எடுத்து வைக்கவுமே வந்திருக்கிறோம்.

விசுவாசம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. தேவாலயத்தில் சொன்னால் கடவுளிடம் வைக்கும் நம்பிக்கை. தோட்டத்து ஆபீசில் சொன்னால் மேலே இருப்பவருக்கு அடங்கி நடப்பது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பொருளும் திங்கட்கிழமை இன்னொரு பொருளுமாக இந்தச் சொல் நம்மிடையே புழங்கி வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று நம்மை நம்ப வைத்தவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையால் லாபம் அடைந்தவர்களில் நாங்களும் இருந்தோம். அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

கங்காணியும் தலைக்காசும்

முதலில் இந்த நோய் எங்கே பிடித்தது என்று பார்ப்போம். நம் முன்னோரில் பெரும்பாலோர் கங்காணி மூலமாக இந்த நாட்டுக்கு வந்தவர்கள். துரை கொடுத்த லைசென்ஸை எடுத்துக்கொண்டு கங்காணி தன் சொந்த ஊருக்குப் போவார். தன் உறவு, தன் சாதி, தன் பக்கத்துக் கிராமம் என்று ஆள் சேர்ப்பார். கப்பலேற்றிக் கொண்டுவந்து லயத்தில் குடி வைப்பார். பிறகு தம் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனை தலைக்கும் நாளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைக்கும். ஊரில் வாங்கிய முன்பணக் கடனும் அவரிடமே இருக்கும். இந்திய அரசாங்கம் 1938-ல் தடை போட்ட பிறகுதான் இந்த ஆள் சேர்ப்பு நின்றது.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். ஊர்ப் பாசம், உறவு, நன்றி ஆகிய எல்லா நல்ல குணங்களும் ஒரு கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டன. கங்காணியை எதிர்த்துப் பேசினால் மாமனை எதிர்த்துப் பேசியது போலாயிற்று. அவரும் தம் ஆட்களுக்கு நல்ல வேலையும் மற்றவர்களுக்குக் கஷ்டமான வேலையும் கொடுத்தார். அவர் அப்படிச் செய்தது கெட்ட மனதினால் மாத்திரம் அன்று. அவருடைய வருமானமே தம் ஆட்களைத் தம்மோடு கட்டி வைப்பதில் இருந்தது. ஆகவே பாரபட்சம் என்பது ஏதோ ஒருவருடைய துர்க்குணம் என்று மட்டும் எண்ணாதீர்கள். அது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. கங்காணி போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மண்டோரிடம் தங்கியது, கிராணியிடம் தங்கியது, நம் எல்லாரிடமுமே கொஞ்சம் தங்கியது.

எங்கள் வீட்டுக் கதை

1960-களில் நாங்கள் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் குடியிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இன்று அங்கே மரமும் இல்லை, லயமும் இல்லை, வீடமைப்பு வந்துவிட்டது. எங்கள் தகப்பனார் பால் மரம் வெட்டினார். அந்தத் தோட்டத்துக் கிராணியும் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் எங்களோடு ஒரே தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்குப் பலகாரம் வரும்.

எங்கள் தகப்பனாருக்குக் கிடைத்த நிரை சமதரையில், சாலையோரத்தில் இருந்தது. மரங்கள் இளையவை, பட்டை நல்ல பட்டை. எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் கணவனை இழந்த ஒரு தாய் இருந்தார். நான்கு பிள்ளைகள். அவருக்குக் கிடைத்ததோ மேட்டுக்காட்டு நிரை. கிழட்டு மரங்கள். பால் வாளியைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்க வேண்டும். மழை பெய்தால் வழுக்கும். கூலி ராத்தல் கணக்கில் என்பதால் நிரை எதுவோ அதுவே சம்பளம். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே உளியைப் பிடித்து, ஒரே வெயிலில் நின்றார்கள். மாத முடிவில் கையில் வாங்கியது மட்டும் ஒன்றாக இல்லை.

ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில் அந்தத் தாய் துணிந்து கேட்டுவிட்டார்: “வருஷக்கணக்காய் எனக்கு மட்டும் ஏன் மேட்டுக்காடு? ஒரு மாதமாவது மாற்றிக் கொடுக்கக் கூடாதா?” கிராணிக்குக் கோபம் வந்தது. “வேலை கொடுத்த இடத்துக்கு விசுவாசம் இல்லாத ஜனம்” என்றார். பிறகு எங்கள் தகப்பனாரைத் திரும்பிப் பார்த்து, “நீயே சொல், இங்கே யாருக்காவது ஓரவஞ்சனை நடக்கிறதா?” என்று கேட்டார்.

எங்கள் தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று பொய்யும் சொல்லவில்லை. ஆமாம் என்று உண்மையும் சொல்லவில்லை. அந்த மௌனமே கிராணிக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த வாரம் அந்தத் தாயை வெட்டிலிருந்து நிறுத்திப் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். வரும்படி இன்னும் குறைந்தது.

அன்றிரவும் எங்கள் வீட்டில் வழக்கம்போல் குடும்ப ஜெபம் நடந்தது. அதை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

வேதம் என்ன சொல்கிறது?

எங்கள் வேதத்திலே யாக்கோபு என்பவர் எழுதிய நிருபம் ஒன்று உண்டு. சபை கூடியிருக்கும்போது பொன் மோதிரம் போட்ட ஒருவரும் கந்தல் உடுத்திய ஒருவரும் உள்ளே வருகிறார்கள். மோதிரக்காரருக்கு நல்ல ஆசனம். கந்தல்காரருக்குக் காலடியில் இடம். இப்படிச் செய்கிறவர்கள் தங்களை விசுவாசிகள் என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்று யாக்கோபு கேட்கிறார். பட்சபாதம் என்பது சின்னக் குறை அல்ல, பாவம் என்றே தீர்க்கிறார். அதே நிருபத்தில் இன்னொரு இடத்தில், அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்கிறார். ஒரே ஆசிரியர் ஆசனத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசியிருப்பது தற்செயல் அன்று. யாரை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதில் தொடங்குவது, யாருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான் முடிகிறது.

இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் எங்கள் முன்னோர் கேட்டார்களா? கேட்கவில்லை. தமிழ்நாட்டில் சபைகளுக்குள்ளேயே சாதிக்கு ஓர் இடம் என்று பிரித்து உட்கார்ந்தார்கள். 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கட்டளையிட்டார். தஞ்சாவூரில் பலர் சாதியை விடுவதைக் காட்டிலும் சபையை விடலாம் என்று விலகினார்கள். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்க தேவாலயத்தை, ஒரு பீடத்துக்கு இருபுறமும் இரண்டு கூடமாகவே கட்டினார்கள். ஒரு சாதியார் இந்தப் பக்கம், மற்றொரு சாதியார் அந்தப் பக்கம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பிரிவினையை எடுத்தபோது, எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று வழக்காடியவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். அப்படி ஓர் உரிமை கிடையாது என்று தீர்ப்பாயிற்று. கடவுளுக்கு முன்னால் வரிசை பிரித்த ஜனம் பெரட்டுக் களத்தில் வரிசை பிரிக்காமல் இருக்குமா?

ஏழு பேரும் கிள்ளானும்

இனி, எங்கள் வேதத்தில் தொழிலாளர் எல்லாரும் அறிய வேண்டிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். அப்போஸ்தலருடைய நடபடிகள் என்ற புத்தகத்தில், ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது.

எருசலேமில் முதல் சபை பொதுப் பந்தி வைத்து ஏழைகளுக்கு உணவு பங்கிட்டு வந்தது. அந்தச் சபையில் எபிரெய மொழி பேசுகிறவர்களும் இருந்தார்கள். வெளியூர்களிலிருந்து வந்த கிரேக்க மொழிக்காரரும் இருந்தார்கள். கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்கு மட்டும் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்று முறையீடு எழுந்தது. தலைவர்களோ எபிரெய பக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. சபையைப் பிளக்க வந்த கலகக்காரர் என்று வெளியே தள்ளவில்லை. நம்பிக்கைக்குரிய ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள், பங்கிடும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கிறோம் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் அங்கே இருக்கின்றன. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை யாருக்கு இருந்ததோ அவர்களுடைய ஆட்களின் கையிலேயே பங்கிடும் கரண்டி போயிற்று. அதனால் சபை உடையவில்லை. வளர்ந்தது என்றே அந்த அதிகாரம் சொல்கிறது.

இப்பொழுது எருசலேமை விட்டு நம் கிள்ளானுக்கு வாருங்கள். வருடம் 1941. உலக யுத்தத்தால் ரப்பருக்கு நல்ல கிராக்கி. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன், ஒய். கே. மேனன் முதலியோர் தோட்டத் தொழிலாளரை ஒன்று திரட்டினார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்டது கூலி மட்டும் அன்று. கொடுமைக்கார உத்தியோகஸ்தர்களை நீக்கித் தமிழ் பேசுகிறவர்களை வையுங்கள் என்றார்கள். பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதை நிறுத்துங்கள் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடுங்கள், பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுங்கள் என்றார்கள். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழியுங்கள் என்றார்கள். குறையை எடுத்துச் சொன்னவர்களைப் பழிவாங்காதீர்கள் என்றும் கேட்டார்கள்.

தோழர்களே, அந்தச் சைக்கிளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தன் காசில் வாங்கிய சைக்கிளில் தன் வேலையாய்ப் போகிறவன் ஏன் இறங்க வேண்டும்? இறங்குவதால் பால் ஒரு சொட்டு அதிகமாகச் சுரக்குமா? சுரக்காது. அவர்கள் கேட்டது உழைப்பை அன்று. இறங்கி நிற்கும் அந்தக் காட்சியை. நம்மிடம் விசுவாசம் என்ற பெயரில் எதிர்பார்க்கப்பட்டது பெரும்பாலும் இதுதான்.

எருசலேமில் எழுந்த அதே முறையீடு கிள்ளானிலும் எழுந்தது: எங்கள் மொழி தெரிந்தவரை வையுங்கள், எங்களையும் சமமாக நடத்துங்கள். ஆனால் பதில் வேறாக இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்பு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் பரவியது. மே 16-ல் சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனம் செய்து பட்டாளத்தை இறக்கினார்கள். ஐந்து தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஜப்பானியர் வந்து இறங்கினர். எந்த ஆட்சிக்கு விசுவாசம் இல்லை என்று தொழிலாளியைத் தண்டித்தார்களோ, அந்த ஆட்சியே சில மாதங்களில் அவனை விட்டுவிட்டு ஓடியது.

இரண்டு ஆட்சேபங்கள்

நியாயமாய்ச் சிலர் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். “இயேசுவே ஓர் உவமை சொல்லியிருக்கிறாரே! திராட்சைத் தோட்டக்காரர் காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தாரே! என் பணம், என் இஷ்டம் என்றுதானே அதன் பொருள்?” நல்ல கேள்வி. நிர்வாகத்தாருக்கு மிகவும் பிடித்த உவமையும் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தோட்டக்காரர் பேசிய கூலியில் ஒரு காசும் யாருக்கும் குறைக்கவில்லை. மாலை வரை தெருவில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அவர்களுடைய வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்று அவர் நினைத்தார். கடைசியில் நிற்பவனுக்கு இரங்கிக் கூட்டிக் கொடுப்பது வேறு. விதவையின் நிரையை மேட்டுக்குத் தள்ளி வேண்டியவனுக்குச் சமதரை கொடுப்பது வேறு. முன்னதில் கொடுப்பவர் கைப்பணம் செலவாகிறது. பின்னதில் இன்னொருத்தியின் கஞ்சி செலவாகிறது.

இன்னும் சிலர், “உறவுக்காரனுக்கு உதவுவது தப்பா?” என்று கேட்பார்கள். தப்பில்லை. உங்கள் சொந்தப் பையிலிருந்து கொடுங்கள், கைதட்டுகிறோம். செக்ரோல் புத்தகம் உங்கள் சொந்தப் பையல்ல.

சலுகை பெற்றவனின் கடமை

பாரபட்சத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாய் இருவரைத்தான் நினைக்கிறோம்: செய்தவர் ஒருவர், நஷ்டப்பட்டவர் ஒருவர். மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். சலுகையைப் பெற்றவர். அவர் குற்றம் செய்யவில்லை. கேட்டு வாங்கவும் இல்லை. ஆனால் நடந்தது அவருக்குத் தெரியும்.

சவுல் ராஜாவின் மகன் யோனத்தானை வேதத்தில் பார்க்கிறோம். தகப்பனுக்குப் பிறகு சிங்காசனம் அவனுக்கு. தாவீது என்ற ஆட்டிடையனைத் தகப்பன் கொல்லத் தேடியபோது, சும்மா இருந்தால் யோனத்தானுக்கு லாபம். அவனோ எழுந்து, “இவன் என்ன குற்றம் செய்தான்?” என்ற கருத்தில் தகப்பனையே கேட்டான். சவுல் பெற்ற மகன் மீதே ஈட்டியை எறிந்தான்.

நம் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சி. எஃப். ஆண்ட்ரூஸ் இருந்தார். ஆங்கிலேயர், பாதிரியார். பீஜித் தீவின் கரும்புத் தோட்டத் துரைமாரும் அவருடைய இனத்தார். 1915-ல் நண்பர் பியர்சனோடு அங்கே போய், ஒப்பந்தக் கூலிகள் படும் பாட்டை நேரில் பார்த்து, உள்ளதை உள்ளபடி அறிக்கையாக எழுதினார். தம் இனத்தாருக்குத் துரோகம் செய்கிறார் என்று அவரைத் தூற்றினார்கள். 1920-ல் அங்கே அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது. ஏழைகள் அவரைத் தீனபந்து என்றார்கள். அவருடைய விசுவாசம் எந்தப் பொருளில் விசுவாசம் என்று நீங்களே தீர்மானியுங்கள்.

கதையின் மீதி

எங்கள் வீட்டுக் கதை இன்னும் முடியவில்லை. இரண்டொரு வருடங்களில் அந்தக் கிராணி மாறிப் போனார். வந்தவர் வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருக்கு வேண்டியவர்கள் வேறு. எங்கள் தகப்பனாரின் சமதரை நிரை போயிற்று, மேட்டுக்காடு வந்தது. அப்பொழுதுதான் அவர் சங்கக் கிளையைத் தேடிப் போனார். லயத்துத் திண்ணையில் கூட்டம். கிளைச் செயலாளர், “இவருடைய குறைக்குச் சாட்சி சொல்வார் உண்டா?” என்று கேட்டார். புது நிரை கிடைத்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்பு எங்கள் தகப்பனார் குனிந்ததைப் போலவே.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அந்தக் கடைசி வீட்டுத் தாய். “எனக்கு நடந்தபோது இவர் வாய் திறக்கவில்லை. அது இவருக்கே தெரியும். ஆனாலும் இப்போது நடப்பது அநியாயம்தான். என் பெயரைச் சாட்சியாக எழுதிக்கொள்ளுங்கள்” என்றார்.

சங்கம் அந்த வழக்கை எடுத்தது. நிர்வாகத்தோடு பேசி, நிரைகளை முறை வைத்து மாற்றிக் கொடுக்கும்படி ஏற்பாடாயிற்று. எல்லாருக்கும் மேடும் வந்தது, சமதரையும் வந்தது. அந்தத் தாயும் மறுபடி வெட்டுக்காட்டுக்கு வந்தார். அவர் தேவாலயத்துக்கு வருகிறவர் அல்லர். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். ஆனால் சபையில் நாங்கள் கேட்ட பிரசங்கங்கள் எல்லாவற்றிலும் பெரிய பிரசங்கத்தை அந்தத் திண்ணையில்தான் கேட்டோம் என்று எங்கள் தகப்பனார் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று நாம் எந்தப் பக்கம்?

தோழர்களே, இது பழங்கதை என்று எழுந்து போய்விடாதீர்கள். இன்று பல தோட்டங்களில் மண்டோராக நிற்பவர் நம்மவர். பெரட்டில் கடைசியில் நிற்பவர் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர். அவர்களுடைய மொழி நமக்குத் தெரியாது. நம்முடைய மொழி அவர்களுக்குத் தெரியாது. நல்ல நிரை யாருக்குப் போகிறது? 1941-ல் கிள்ளானில் நாம் எழுப்பிய முறையீட்டை இன்று நம்மிடம் இன்னொருவர் எழுப்பினால், நம் பதில் எருசலேமின் பதிலா, பட்டாளத்தின் பதிலா? இந்தப் பிரிக்பீல்ட்ஸைச் சுற்றியுள்ள ஆபீசுகளிலும் கடைகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான். ஓவர்டைம் யாருக்கு, இரவு ஷிப்டு யாருக்கு என்பதுதான் இன்றைய சமதரையும் மேட்டுக்காடும்.

சங்கத்துக்குள்ளும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்தலில் தமக்குக் கை தூக்கியவரின் வழக்கை முதலில் எடுத்து, தூக்காதவரின் கடிதத்தை மேசை அடியில் வைக்கும் கிளைத் தலைவர், சம்பளம் வாங்காத கங்காணியே ஆவார்.

ஆகவே நடைமுறையில் நான்கு காரியங்களைச் சொல்கிறோம். ஒன்று, வேலைப் பங்கீடு எதுவானாலும் எழுதி ஒட்டப்பட்டு, முறை வைத்து மாறி வர வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு, குறை கேட்கும் கமிட்டியில் குறை உள்ளவர்களின் ஆளே இருக்கட்டும்; அவர்களுடைய மொழி தெரிந்தவராக இருக்கட்டும். மூன்று, சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை ஒதுக்குவதையும் நீக்குவதையும் 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் தடை செய்கிறது. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். நாள் தவறினால் வழக்கே போய்விடும். 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் பாகுபாடு காட்டுவது பற்றிய தகராற்றைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்துக் கட்டளையிட அது இடம் கொடுக்கிறது.

நான்காவதுதான் கடினமானது. உங்களுக்கு நல்ல நிரை கிடைத்திருந்தால், பெரட்டில் உங்களைப் பார்த்துக் கேட்கும் நாள் ஒன்று வரும். அன்று தலையைக் குனியாதீர்கள். எங்கள் தகப்பனார் குனிந்தார். வாழ்நாள் முழுவதும் அதன் பாரத்தைச் சுமந்தார். கொடுத்த வேலையை ஒழுங்காய்ச் செய்வதும், பொய்க்கணக்கு எழுதாமல் இருப்பதும், பக்கத்தில் நிற்பவனுக்காக உண்மையைச் சொல்வதும் தோட்டத்துக்கும் செய்யும் விசுவாசந்தான், கடவுளுக்கும் செய்யும் விசுவாசந்தான். சைக்கிளை விட்டு இறங்கி நிற்பது இரண்டிலும் சேராது.